மாதேஷ் சாப்பிட வருகிறான்

தலைச்சோலை
24.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சிவரஞ்சனி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் கேட்கத்தான் நினைத்தேன். ஜெயிலிலிருந்து வரும் அந்தப் போனில் உங்கள் குரலைக் கேட்டதுமே கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகிறது. ஒன்றும் பேசாமலே நேரம் முடிந்துவிடுகிறது. எழுதினால் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க ஆரம்பித்துவிட்டோம். மழை விடாமல் பெய்ததில் பாதிப் பழம் செடியடியில் கொட்டிக் கிடக்கிறது. அதையும் பொறுக்கச் சொல்லி, கணக்கு எழுதும் ரைட்டர் தலைக்கு மேலேயே நிற்கிறார். சாயங்காலம் ஆனால் இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது.

நேற்று புவனேஸ்வரி அக்கா நம் வீட்டுக்கு வந்தார். நம்புவீர்களா? மாதேஷ் அண்ணனைப் பறிகொடுத்த நாளிலிருந்து ஒருநாளும் நம் வாசலை மிதிக்காதவர். பக்கத்துப் பக்கத்துச் செடியில் பறித்தாலும் என் முகத்தைப் பார்க்க மாட்டார். நேற்று அடுப்படி வரைக்கும் வந்து, உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"சிவா, இந்தக் காணும் பொங்கலுக்குப் பழையபடி எல்லாரும் சேந்து சாப்படலாம்னு இருக்கறேன். எங்க ஊட்டுல. அங்கப்பண்ணன், அவரு சம்சாரம் லட்சுமி, கிருஷ்ணம்மாக்கா எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போட்டேன். நீயும் வரோணும்."

"நான் வந்தா நல்லாருக்குமாங்க அக்கா? ஆரு என்ன நெனைப்பாங்களோ."

"நெனைக்கறவங்க நெனைக்கட்டும். உன்னையக் கூப்படறது நானு. ஆளுக்கொரு பண்டம் கொண்டாரோணும். நான் சாமைச் சோறு ஆக்கறேன். நீ உங்கண்ணன் வெக்கற கோழிக்கறி கொண்டா. பச்சைமிளகு போட்டு வெக்குமே, அது."

அண்ணா, அந்தக் காணும் பொங்கலை நானும் மறக்கவில்லை. நாலு வீட்டுச் சாப்பாட்டையும் மாதேஷ் அண்ணன் காட்டில் ஒன்றாக வைத்துச் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். சாயங்காலம் நீங்கள் குடித்துவிட்டு, யார் சொல்லியும் கேட்காமல், அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குப்பனூர் மலை ரோட்டில் இறங்கினீர்கள். பள்ளத்திலிருந்து உங்களை மட்டும்தான் உயிரோடு தூக்கினார்கள். அதற்குப் பிறகு நம் நாலு வீட்டில் யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. இப்போது அக்காவே கூப்பிடுகிறார். போகாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் கறியை எப்படி வைப்பீர்கள் என்று எழுதுங்கள். சட்டிப் பக்கமே என்னை அண்டவிட்டதில்லையே நீங்கள்.

குளிருக்குப் போர்வை தருகிறார்களா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சிவரஞ்சனி

*

கோவை
5.12.2024

அன்பு சிவாவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. போர்வை தருகிறார்கள். நீ குனிந்து பொறுக்கும்போது இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்.

அந்தக் கறி வேண்டாம். எலுமிச்சஞ் சோறு கிளறிக்கொண்டு போ. இல்லையென்றால் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போகாமலே இரு. புவனா ஏதோ மனசில் வைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறது.

வேறு விசேஷம் இல்லை. கதவுத் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்ததே, ஆசாரியைக் கூப்பிட்டு மாற்றினாயா?

இப்படிக்கு
சின்னராஜ்

*

தலைச்சோலை
13.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சிவரஞ்சனி எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. தாழ்ப்பாள் மாற்றியாயிற்று. நீங்கள் இளைத்துவிட்டதாக உங்களைப் பார்க்க வந்திருந்த வக்கீல் அங்கப்பண்ணனிடம் சொன்னாராம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா?

புவனா அக்கா மனசில் என்ன இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால், உங்களுக்கு எழுதவே கூடாது என்று வைத்திருந்த ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது.

மாதேஷ் அண்ணன் இங்கே வருகிறார்.

நீங்கள் இதைப் படித்துவிட்டு, தனியாக இருந்து இருந்து இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். எனக்கு மட்டும் இல்லை. அங்கப்பண்ணன் ஜீப்பை எடுத்தால் முன் சீட்டில் அவருடைய பீடி வாசம் வருகிறதாம். இவரோ பீடி தொடாதவர். லட்சுமி அக்கா மஞ்சக்குட்டை பஸ் நிறுத்தத்தில் பட்டப்பகலில் பார்த்திருக்கிறார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பஸ் வரும் பக்கம் பார்க்காமல், ஊரைப் பார்த்தபடி நின்றாராம். கிருஷ்ணம்மாள் அக்கா எதையும் நம்பாத ஆள், உங்களுக்கே தெரியும். அவரும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது பின்னால் இருமல் கேட்டுத் திரும்பியிருக்கிறார்.

எனக்குக் குரல்தான். நான் சோறு வடிக்கும் நேரத்தில் வேலிப் பக்கத்திலிருந்து, "சின்னா, சோறாச்சா?" என்று அவர் எப்போதும் உங்களைக் கூப்பிடுவதுபோல. முதல் தடவை, "ஆச்சுங்கண்ணா, வாங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்து, சோற்றை அப்படியே விட்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

புதன்கிழமை பறித்துக்கொண்டிருக்கும்போது புவனா அக்கா என்னைக் கேட்டார்.

"உனக்கும் வந்தாரா?"

"இல்லீங்க அக்கா."

"பொய் சொல்லாத கண்ணு. எல்லாத்துக்கும் வராருன்னு எனக்குத் தெரியும். நான் போனாப் பேச்சை நிறுத்திக்கறீங்க." கை நிற்காமல் பறித்துக்கொண்டே சொன்னார். "எனக்கு மட்டும் வரமாட்டேங்கறாரு சிவா. ஒரு கனவு கெடையாது. ஒரு வாசம் கெடையாது. கூட இருந்து குடும்பம் பண்ணுனவ நானு. ஊரெல்லாம் சுத்தறவரு ஊட்டுக்கு வரோணுமா இல்லியா?"

நான் குனிந்து கூடையை அடுத்த செடிக்கு நகர்த்தினேன். அக்காவே தொடர்ந்தார்.

"உங்கண்ணன் கறின்னா எங்கிருந்தாலும் வந்துருவாரு. அதுக்குத்தான் கேக்கறேன். இல்லீன்னா உன்ற ஊட்டுப் படி ஏறியிருப்பனா?"

கறிப் பக்குவத்தை எழுதி அனுப்புங்கள் அண்ணா. நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சிவரஞ்சனி

*

கோவை
3.1.2025

சிவாவுக்கு,

பெட்டைக்கோழி வேண்டாம், சேவல் வாங்கு. மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டச் சொல். மண்சட்டியில் கடலை எண்ணெய் ஊற்றி, சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட்டு, பூண்டும் இஞ்சியும் அம்மியில் தட்டிப் போடு. தக்காளி போடாதே. மிளகாய்த்தூள் போடாதே. கறியைப் போட்டு அதன் தண்ணீரிலேயே வேகவிடு. பொறுமை வேண்டும். நடுவில் திறந்து திறந்து பார்க்காதே.

மிளகைக் கொடியிலிருந்து அன்றைக்கே உருவு. நம் வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் கொடியே போதும். ஒன்றிரண்டாக நசுக்கி, கறி முக்கால் வெந்த பிறகு போடு. முன்னாலேயே போட்டால் கசக்கும். தேங்காயைச் சிவக்க வறுத்து அரைத்துக் கடைசியில் சேர்.

ஈரலை உடைக்காமல் எடுத்துத் தனியாக வை. மாதேஷுக்கு ஈரல்தான் பிடிக்கும்.

சின்னராஜ்

*

தலைச்சோலை
19.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சிவரஞ்சனி எழுதுவது. பொங்கல் முடிந்தது. அங்கே உங்களுக்குப் பொங்கல் கொடுத்தார்களா? கரும்பு கிடைத்ததா? நான் உடம்புக்கு நன்றாக இருக்கிறேன். மனசுக்குத்தான் என்னவோ போல இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் உடம்பு எப்படி என்றுகூட இல்லை. ஆனால் மாதேஷ் அண்ணன் பெயரை எழுதியிருந்தீர்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஈரல் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். பிடித்தது என்று எழுதவில்லை. அதைப் பலமுறை படித்துப் பார்த்தேன்.

கறி நன்றாக வந்தது. சட்டியைத் துணியில் கட்டி, அங்கப்பண்ணன் ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு மஞ்சக்குட்டைக்குப் போனேன். காலையில் வெயில் அடித்தது. நாங்கள் போய்ச் சேரும்போது பனி ஏறி, புவனா அக்கா வீட்டு வாசலில் நின்றால் எதிர் வீடு தெரியவில்லை.

லட்சுமி அக்கா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு வந்திருந்தார். கிருஷ்ணம்மாள் அக்கா மொச்சைக்கொட்டைப் புளிக்குழம்பு. சட்டியைப் பிரித்ததும் அந்த மிளகு வாசம் வீடெல்லாம் போனது. லட்சுமி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புவனா அக்கா எங்களுக்கு இலை போட்டுவிட்டு, சுவரோரமாக இன்னொரு இலையும் போட்டார். அதில்தான் முதலில் பரிமாறினார். சாமைச் சோறு, குழம்பு, கறி. ஈரலை நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். யாரையும் சாப்பிடச் சொல்லவில்லை. நாங்களும் கை வைக்கவில்லை.

குழம்பில் ஆடை கட்டிவிட்டது. கிருஷ்ணம்மாள் அக்காதான் வாயைத் திறந்தார். "புவனா, சோறு ஆறுது. உண்டு போட்டுப் பேசிக்கலாம் சாமி."

"கொஞ்சம் பொறுங்கக்கா. அவரு நேரங்கழிச்சுத்தான் வருவாரு."

அப்போதுதான் அண்ணா, அங்கப்பண்ணன் திடீரென்று காலை மடக்கித் தள்ளி உட்கார்ந்தார். யாரோ தாண்டிப் போக வழிவிடுவதுபோல. தான் அப்படிச் செய்தது அவருக்கே தெரியவில்லை. பீடி வாசம் எனக்கும் வந்தது. லட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவுப் பக்கம் அந்தக் குரல். "சின்னா, சோறாச்சா?"

நாங்கள் எல்லோரும் கதவைப் பார்த்தோம். புவனா அக்கா கதவைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாரா?"

லட்சுமி அக்கா மட்டும் தலையை ஆட்டினார்.

"எங்க நிக்கறாரு? ஆராச்சும் சொல்லுங்களே. அங்கப்பண்ணா, எங்கீங்க?"

அங்கப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். புவனா அக்கா எழுந்து போய்க் கதவருகில் நின்று, கையை நீட்டி நீட்டித் தடவினார். கண் தெரியாதவர்கள் தடவுவார்களே, அப்படி. "ஏனுங்க, நான் என்ன பண்ணுனேன்? எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டார். அந்த வார்த்தையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசம் போய்விட்டது. அக்கா திரும்பி வந்து, சுவரோரத்து இலையை இழுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்ததை எல்லாம் அவரே சாப்பிட்டார். ஈரலையும். அழவில்லை. நாங்களும் சாப்பிட்டோம். எப்படி இறங்கியது என்று தெரியவில்லை.

கிளம்பும்போது சட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "உங்கண்ணனுக்கு வராரா?"

தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியாதுதானே, அண்ணா?

உங்கள்
சிவரஞ்சனி

*

கோவை
10.2.2025

அன்பு சிவாவுக்கு,

அண்ணன் எழுதுவது. பதில் எழுத நாளாகிவிட்டது. பொங்கல் கொடுத்தார்கள், கரும்பும் கொடுத்தார்கள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

எங்கள் கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். படிக்கிறவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி, எழுதிவிடுகிறேன்.

வருகிறான். நான் இங்கே வந்த முதல் நாளிலிருந்தே வருகிறான். மூன்று வேளையும் தட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தால் என் இடது பக்கத்தில் வந்து உட்காருவான். ஜீப்பில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தானோ அந்தப் பக்கம். காதோரத்தில் அந்தப் பள்ளத்துச் செம்மண் அப்படியே இருக்கும். ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டினால் தேவலை. செருப்பால் அடித்தாலும் தேவலை. என் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். நான் பாதி சாப்பிட்டுவிட்டுப் பாதியை அவன் பக்கம் ஒதுக்கி வைப்பேன். வக்கீல் நான் இளைத்துவிட்டேன் என்று சொன்னது அதனால்தான்.

முதலில் பயந்தேன். பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அவன் வருவான் என்றுதான் இப்போது மணி அடிப்பதற்கே காத்திருக்கிறேன். இங்கே எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

புவனாவிடம் சொல்லிவிடாதே. அது தாங்காது.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
சின்னராஜ்

*

தலைச்சோலை
18.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

மறைக்கத்தான் நினைத்தேன். கடிதம் வந்த அன்று என் முகத்தைப் பார்த்தே அக்கா கண்டுபிடித்துவிட்டார். கூடையைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டார். செம்மண் என்று சொன்னபோது மட்டும் கண்ணை மூடினார். அப்புறம் மிச்சமிருந்த வரிசையையும் பறித்து முடித்துவிட்டு, கோவைக்குச் சேலத்திலிருந்து எந்த பஸ் என்று கேட்டார்.

கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். இத்துடன் அக்கா எழுதிக் கொடுத்ததை வைத்திருக்கிறேன்.

சிவரஞ்சனி

*

சின்னராஜ் அண்ணாவுக்கு,

புவனேஸ்வரி எழுதுவது. உங்கள் உடல்நலத்துக்கு சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். அடுத்த வாரம் மனு எழுதிக் கொடுத்து உங்களைப் பார்க்க வருகிறேன். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். மன்னிப்பும் கேட்க வேண்டாம். அதைக் கேட்க நான் வரவில்லை.

புவனேஸ்வரி

*

கோவை
2.3.2025

அன்பு சிவாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய்? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்னது நல்லதுதான்.

புவனா வந்தது. நடுவில் கண்ணாடி, பேசுவதற்குப் போன். தலை பாதி நரைத்துவிட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுதான் முதலில் பேசியது.

"இப்ப இருக்காராண்ணா?"

இன்னும் என்னை அண்ணா என்கிறது, சிவா.

பொய் சொல்ல வரவில்லை. "இல்ல புவனா. நான் சோத்துல கை வெச்சாத்தான் வருவான்."

"அப்பச் சாப்படுங்க."

கேன்டீனில் வாங்கிய பன் ஒன்று சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பிய்த்து வாயில் போட்டேன். மெல்லும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வழக்கம்போல என் கையைப் பார்த்தான். அதற்கப்புறம் எதிரே பார்த்தான். இத்தனை நாளில் அவன் தலையை நிமிர்த்தி நான் கண்டதில்லை.

புவனா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பார்த்துப் பார்த்து, என் கண் போன திக்கை வைத்து அவன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த இடத்தைப் பார்த்துப் போனில் பேசியது. போன் என் காதில்தான் இருந்தது. நான் மெதுவாக இடது பக்கம் நீட்டிப் பிடித்தேன். கண்ணாடியைத் தாண்டியும் கேட்கிற மாதிரித்தான் அது பேசியது.

"ஏனுங்க, போலாங்களா? நொம்ப நாளாச்சு. ஊட்டுல சோறு ஆக்கி வெச்சுப்போட்டு வந்திருக்கறேன். ஆருமில்லாம ஒத்தையில உண்ண முடியலீங்க. வாங்க போலாம்."

போனை வைத்துவிட்டு எழுந்தது. என்னிடம் தலையை மட்டும் ஆட்டியது. வாசலில் கதவைத் திறந்து பிடித்தபடி, தான் வெளியே போன பிறகும் கொஞ்ச நேரம் விடாமல் நின்றது. காவலர் அம்மா ஏதோ அதட்டினார். அதன்பிறகுதான் விட்டது. பக்கத்தில் ஒரு ஆள் நடக்க இடம் விட்டு, சுவரை ஒட்டியே நடந்து போனது. நான் திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்தில் யாரும் இல்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. இப்போது தட்டு முழுக்க நானே சாப்பிட வேண்டியிருக்கிறது. இறங்க மாட்டேன் என்கிறது. இடது பக்கம் இடம் விட்டே உட்காருகிறேன். நேற்று புதிதாக வந்த ஆள் ஒருத்தர் அங்கே உட்கார்ந்துவிட்டார். நான் அவரைப் பிடித்துத் தள்ளி, அதிகாரிக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டது.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தானா? புவனாவைக் கேட்டு எழுது. இதை மட்டும் செய், கண்ணு.

உன் அண்ணன்
சின்னராஜ்

*

தலைச்சோலை
16.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சிவரஞ்சனி எழுதுவது. இங்கே வெயில் ஏறிவிட்டது. பறிப்பு முடிந்து மிளகு உலர்த்துகிறோம். எனக்கு உடம்பு தேவலை. நீங்கள் யாரோடும் சண்டை போடாதீர்கள். தட்டு முழுக்கச் சாப்பிடுங்கள். பழகிவிடும்.

நீங்கள் கேட்கச் சொன்னதற்காக இன்று காலையில் மஞ்சக்குட்டைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஸ்ஸில் கூட்டம், நின்றுகொண்டே போனேன். புவனா அக்கா கோவையிலிருந்து வந்த பிறகு வேலைக்கு வந்தாலும் யாரோடும் நின்று பேசுவதில்லை. மத்தியானம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடுகிறார். மற்றவர்களுக்கும் இப்போது எதுவும் இல்லை. அங்கப்பண்ணன் ஜீப்பில் வாசம் இல்லை. வேலிப் பக்கம் எனக்குக் குரல் கேட்பதில்லை. சோறு வடிக்கும்போது சும்மா ஒருதடவை காது கொடுத்துக் கேட்பேன், அவ்வளவுதான்.

நான் போனபோது அக்கா முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எத்தனை நாளைக்குப் பிறகு பார்த்தேன்!

"வா சாமி. உண்டியா?"

"ஆச்சுங்கக்கா." கழுவிய பாத்திரங்களை எடுத்து அடுக்கினேன். அப்புறம் கேட்டேவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "அக்கா, அண்ணன் கேக்கச் சொல்லுச்சுங்க. மாதேஷண்ணன் நல்லபடியா..."

அக்கா விரலை உதட்டில் வைத்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய், திறந்திருந்த உள்ளறைக் கதவைச் சத்தம் வராமல் மெல்லச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு, சிவா" என்றார்.

உங்கள்
சிவரஞ்சனி